காதிரைச்சலோடு முதல் ஆறு மாதம்

2022 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, பத்து மணி போல, கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் கரண்ட் போனது. அந்த நாட்களில் கரண்ட் போவது புதினமில்லை. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்த காலம் அது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டு டீவி நின்றது. குசினியில் ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது. எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது. பழுதாகப் போகிற டியூப் லைட் எரியும்போது மெல்லிசாக "ஈ..." என்று கேட்குமே, அதைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தது போல.

எழுந்து டோர்ச்சை எடுத்துக்கொண்டு தேடினேன். யாரோ வீட்டு இன்வர்ட்டர் கத்துகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குசினியில் நின்று கேட்டேன், குளியலறையில் நின்று கேட்டேன், எங்கே நின்றாலும் ஒரே அளவில் கேட்டது. பால்கனிக் கதவைத் திறந்தேன். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் காணவில்லை. கதவைச் சாத்தினேன், திரும்பவும் வந்தது. மனைவியைத் தட்டி எழுப்பினேன்.

"இஞ்சேரும், உமக்கு ஏதும் கேக்குதே?"

"எனக்கொண்டும் கேக்கேல்லையப்பா. படுங்கோ."

இரண்டு காதையும் விரலால் பொத்தினேன். சத்தம் கூடியது. என் தலைக்குள்ளிருந்துதான் அது வருகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. மருந்து எங்கே இருக்கிறது என்பதைப் பால்கனிக் கதவு அந்த இரவே காட்டியிருந்தது. அதை உணர எனக்கு ஐந்து கிழமை பிடித்தது.

இதை எழுதுவது அந்த முதல் கிழமைகளில் இப்போது கிடந்து உழல்பவர்களுக்காக. நான் வைத்தியன் இல்லை. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் மொத்தமாக விற்கும் கடையொன்றில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காதிரைச்சல் பற்றித் தமிழில் தேடியபோது பாதி எண்ணெய் வைத்தியமாகவும் மீதி பயமுறுத்தலாகவும் கிடைத்தது. எனக்கு அப்போது தேவைப்பட்டது, இதற்குள் போய் மறுபக்கம் வந்த ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வது.

முதல் மூன்று கிழமை இரவில் இரண்டு மணித்தியாலம் தூங்கியிருந்தால் அது நல்ல இரவு. படுத்தவுடன் காது விழித்துக்கொள்ளும். "இனிச் சாகும் வரைக்கும் இப்படித்தானா" என்ற ஒரே கேள்வி ஆயிரம் தடவை வரும். பகலில் கடையில் எண்களைக் கூட்டும்போது பிழைத்தது. மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, நாலு கிலோ குறைந்தேன். மூன்றாம் கிழமையில் ஓர் இரவு, இப்படியே இருந்தால் உயிரோடு இருந்துதான் என்ன என்ற எண்ணம் வந்து போனது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணம் வந்தவர்கள் பலர், வெளியே சொன்னவர்கள் கொஞ்சம். நான் விடிந்ததும் மனைவியிடம் சொன்னேன். சொன்னதே பாதிப் பாரத்தை இறக்கியது. சொல்ல ஆள் இல்லாதவர்கள் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. காதுக்காக அங்கே எடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். தூக்கம் இல்லாத மனிதனின் மனம் வேறு மாதிரி யோசிக்கும். அதுவும் இந்த வருத்தத்தின் ஒரு பகுதிதான்.

முதலில் சனல் பண்ணி, அதாவது தனியார் வைத்தியசாலையில் காசு கட்டி நேரம் பதிந்து, பார்த்த வைத்தியர் எனக்குத் தந்தது மூன்று நிமிடம். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், "காதுக் குறும்பி இல்லை" என்றார், தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் குளிசை ஒன்றும் விட்டமினும் எழுதினார். எழும்பும்போது, "இதுக்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ளுங்கோ" என்றார். எனக்குத் தலையே சுற்றவில்லை. அவர் சொன்னதில் பிழை இருந்தது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் "பழகிக்கொள்ளுங்கோ" என்பவர், எப்படிப் பழகுவது என்பதையும் சொல்ல வேண்டும். அது சொல்லாமல் விட்டால் நோயாளி கேட்டுக்கொண்டு போவது "உனக்கு விமோசனம் இல்லை" என்பதைத்தான். அந்த மாதம் ரூபாய் விழுந்த விழுக்காட்டில் மருந்து விலையெல்லாம் ஏறிக் கிடக்க, பார்மசியில் ஒருவர் சொன்னார் என்று ஜின்கோ என்ற மூலிகைக் குளிசை வேறு வாங்கினேன். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியில், காதிரைச்சலுக்கு ஜின்கோ, மெலடோனின், சிங்க் போன்றவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருப்பதைப் பிறகுதான் வாசித்தேன். அந்தக் காசுக்கு ஒரு கேட்டல் பரிசோதனை செய்திருக்கலாம்.

ஏப்ரல் நடுவில் இன்னொரு ஈ.என்.டி. நிபுணரிடம் போனேன். அவர் முதலில் கேட்டவை நாலு கேள்வி. ஒரு காதிலா, இரண்டிலுமா? நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா, தொடர்ந்து கூவுகிறதா? கேட்பது திடீரென்று குறைந்ததா? தலைச்சுற்று, முகம் ஒரு பக்கம் இழுத்தல் உண்டா? இந்தக் கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே காதில் மட்டும் இரைந்தால் காது நரம்பில் கட்டி ஏதும் உண்டா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனாலும் பார்க்க வேண்டும். நாடியோடு துடித்தால் இரத்தக் குழாய்களைப் பார்ப்பார்கள். கேட்பது ஒரு நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ திடீரென்று போயிருந்தால் அது அவசரம். ஸ்டீரொயிட் மருந்து முதல் இரண்டு கிழமைக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. "சளியாக்கும், போய்விடும்" என்று அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். காசு பயம் என்றால் கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, இலவசம். வரிசை நீளம்தான், பரவாயில்லை, போங்கள்.

எனக்கு இரண்டு காதிலும், தொடர்ந்து. அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கேட்டல் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அந்தச் சிறிய அறைக்குள் இருந்த இருபது நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு போட்ட, ஓர் ஆள் மட்டும் இருக்கக்கூடிய அறை. தடித்த கதவைச் சாத்தியதும் என் காதின் கூவல் அறை முழுக்க நிறைந்தது. தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமர்த்த வேண்டும். தாழ்ந்த சத்தங்கள் சரி. உயர்ந்த சத்தம் வரத் தொடங்கியதும் எது அவர்கள் தருவது, எது என்னுடையது என்று பிரித்தறிய முடியவில்லை. பிழையாக அமர்த்துகிறேனே என்று கை வேர்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஓடியோலொஜிஸ்ட் அம்மா பரிசோதனையை நிறுத்தி, கதவைத் திறந்து, "உங்களுக்கு இரையுதல்லோ, பரவாயில்லை, நான் விட்டு விட்டுத் தாறன்" என்றார். பிறகு சத்தம் டொக், டொக், டொக் என்று துண்டு துண்டாக வந்தது. என்னுடையது இடைவிடாத கோடு, அவருடையது புள்ளிகள். இப்போது பிரித்தறிய முடிந்தது. உங்களுக்கும் அந்த அறையில் குழப்பம் வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் தாளில் காட்டினார். 250 ஹேர்ட்ஸிலிருந்து கோடு நேராக வந்து, 4000 ஹேர்ட்ஸில் பள்ளம் போல் விழுந்து, 8000த்தில் திரும்ப ஏறியது. "சத்தத்தில வேலை செய்யிற ஆளோ?" என்று கேட்டார். இரும்பு வெட்டும் சில்லு கடை வாசலில் ஓடுவதையும், மின்வெட்டு தொடங்கியதிலிருந்து ஜெனரேட்டரை என் மேசைக்குப் பின்னால் ஒழுங்கையில் வைத்து ஓட்டுவதையும் சொன்னேன். பிறகொரு நாள் போனில் இருக்கும் செயலியால் அளந்தபோது என் கதிரையில் 90 டெசிபெல்லைத் தாண்டிக் காட்டியது. போன் அளவு துல்லியமில்லை. ஆனால் 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம்தான் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 91இல் இரண்டே மணித்தியாலம் என்ற கணக்கைப் பார்த்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் சொல்லித் தந்த முறை இது. ஒவ்வொரு உட்காதிலும் சத்தத்தைப் பிடித்து நரம்புக்கு அனுப்பும் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை செத்தால் திரும்ப முளைக்காது. ஓரிடத்துக் கலங்கள் பழுதானால் அந்த உயரத்துச் சத்தம் மூளைக்குக் குறைவாகப் போகிறது. "ரேடியோவில ஸ்டேஷன் வடிவா எடுக்காட்டி நீங்கள் என்ன செய்வியள்? வொலியூமைக் கூட்டுவியள். கூட்டினால் பாட்டு கூடாது, இரைச்சல்தான் கூடும். உங்கடை மூளையும் அதைத்தான் செய்யுது." இவ்வளவுதான். மூளைக்குள் ஏதோ வெடிக்கப்போகிறது, செவிடாகப் போகிறேன், பைத்தியம் பிடிக்கிறது என்று மூன்று கிழமையாக நான் கட்டி வைத்திருந்த கோட்டை அந்த ரேடியோ உதாரணத்தில் பாதி விழுந்தது.

மீதியை விழுத்தியது வாசிப்பு. 1953இல் ஹெல்லர், பேர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், காதில் குறையே இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறைக்குள் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 வீதமானோர் கூவல், ரீங்காரம், இரைச்சல் என்று ஏதோ ஒன்று கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, போதுமான அமைதி இருந்தால் ஏறக்குறைய எல்லோர் தலையும் இரைகிறது. எனக்கு நடந்ததும் அதுதான்: கொஞ்சம் பழுதான காது, திடீரென்று எல்லா மெஷினும் நின்றுபோன வீடு. 2022இலேயே வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 14 வீதமானோருக்குக் காதிரைச்சல் உண்டு என்றும், கடுமையாகப் பாதிக்கப்படுவோர் 2 வீதமளவில் என்றும் கணக்கிட்டது. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் ஆட்களை நான் யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்கும் சத்தம் கேட்கிறது. ஆனால் அவர்கள் கல்யாணத்துக்குப் போகிறார்கள், கடை திறக்கிறார்கள், தூங்குகிறார்கள்.

அப்படி ஒருவர் என் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மாமி, அப்போது 74 வயது. ஒரு நாள் நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். "அட, உதே? எனக்கு இருவது வருசமாய் இரையுது தம்பி. அடுப்பைப் பாக்கிறதோ, காதைப் பாக்கிறதோ?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். இருபது வருடத்தில் அவர் மகளுக்குக்கூட அதைச் சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு அது அவருக்கு ஒரு விஷயமாக இருக்கவில்லை. அன்றைக்கு நான் குசினி வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய வைத்தியம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். (மாமியைப் பிறகு பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். கேட்பது நன்றாகவே குறைந்திருந்தது, கேட்கும் மெஷின் போட்டோம். மெஷின் காதில் இருக்கும்போது இரைச்சலும் தாழ்ந்திருக்கிறது என்கிறார். வெளிச்சத்தம் உள்ளே போனால் மூளை வொலியூமைக் குறைக்கும். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு இதுதான் முதல் உதவி.)

இனி, செய்தவற்றையும் செய்யாமல் விட்டிருக்க வேண்டியவற்றையும் சொல்கிறேன்.

பெரிய பிழை, பஞ்சு. சத்தத்தால் வந்தது என்று தெரிந்ததும் நான் பயந்துபோய் காலையில் பஸ் ஏறும்போதே காதில் பஞ்சை அடைத்தேன், மேலே இயர் பிளக் வேறு. வீட்டில் கோப்பை கழுவும் சத்தத்துக்குக்கூட எடுப்பதில்லை. இரண்டு கிழமையில் கூவல் கூடியது. அதோடு கரண்டி தட்டில் பட்டாலே உடம்பு தூக்கிப்போடத் தொடங்கியது. ஓடியோலொஜிஸ்ட் அம்மா கேட்டதும் கோபப்பட்டார். காதைப் பட்டினி போட்டால் மூளை இன்னும் கூட்டிக் கேட்கும். காது நன்றாக உள்ள 18 பேரை ஒரு காதில் மட்டும் ஒரு கிழமை அடைப்பான் போட்டிருக்கச் செய்து 2012இல் இங்கிலாந்தில் பார்த்திருக்கிறார்கள். 14 பேருக்கு இரைச்சல் கேட்கத் தொடங்கியது, அடைப்பானை எடுத்ததும் போய்விட்டது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், இரும்பு வெட்டும் இடத்தில், வெடி, ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் போடுங்கள். பஸ்ஸில், வீட்டில், சந்தையில் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது பிழை, கொப்பி. கணக்கு எழுதும் ஆள் நான். எதையும் எழுதி வைத்தால் பிடிபடும் என்பது என் நம்பிக்கை. காலை, மத்தியானம், இரவு மூன்று நேரமும் அமைதியான மூலைக்குப் போய் காதைப் பொத்தி, எத்தனை என்று பத்துக்கு இலக்கம் போட்டேன். 6, 7, 7, 5, 8. பக்கத்தில் என்ன சாப்பிட்டேன், எத்தனை தேத்தண்ணி குடித்தேன் என்பதும். கொப்பி 40 பக்கம் தாண்டியது. பார்த்தால் எதற்கும் எதற்கும் தொடர்பில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை என் மூளைக்கு "இந்தச் சத்தம் முக்கியம், கவனி" என்று நானே கட்டளை போட்டுக்கொண்டிருந்ததுதான் அந்தக் கொப்பி செய்த வேலை. பாவெல் யாஸ்ட்ரெபோஃப் என்ற ஆய்வாளர் 1990இல் முன்வைத்த விளக்கம் இதைத்தான் சொல்கிறது: சத்தம் தன்னால் வருத்துவதில்லை, மூளை அதை ஆபத்து என்று குறித்து வைப்பதால்தான் அது முன்னுக்கு வந்து நிற்கிறது, ஆபத்தில்லை என்று மூளைக்குப் பழக்கினால் அது பின்னுக்குப் போகும். கொழும்பின் காலி வீதியில் இருப்பவனுக்கு பஸ் ஹோர்ன் கேட்காமல் போவதும், ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்குக் கடைசி ரயில் போனது தெரியாமல் போவதும் இந்த வழியால்தான். புதிதாக வந்து தங்கும் விருந்தாளிதான் ஒவ்வொரு ரயிலுக்கும் எழும்பி உட்காருவார்.

கொப்பியை விட்டேன் என்று சொல்ல முடியாது, மாற்றினேன். இலக்கம் போடுவதை நிறுத்தி, அன்றைக்குச் செய்த வேலையை மட்டும் எழுதினேன். மகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தது, டீசல் வரிசையில் நின்றது, மரைன் டிரைவில் நடந்தது. மே மாதக் கடைசியில் திருப்பிப் பார்த்தபோது, வாழாமல் போனதாக நான் நினைத்த நாட்களில் எல்லாம் ஏதோ செய்திருந்தேன்.

இரவுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அமைதியில் படுக்கக் கூடாது. இதுதான் விதி. ஃபேன் இருந்தால் ஃபேன், பால்கனிக் கதவைத் திறக்க முடிந்தால் கடல். ஆனால் அந்த மாதங்களில் நள்ளிரவில் கரண்ட் போகும், ஃபேன் நிற்கும், நான் திடுக்கிட்டு விழிப்பேன். போனில் மழைச் சத்தம் போட்டால் விடியுமுன் சார்ஜ் இறங்கிவிடும். அப்போது மனைவிதான் அலுமாரிக்கு மேலிருந்து அப்பாவின் பழைய ரேடியோவை இறக்கினார். பெரிய பற்றரி இரண்டு போடும் கறுப்பு ரேடியோ. முகப்புக் கண்ணாடி கீறல் விழுந்து, பின்மூடி கொளுக்கி உடைந்து, அப்பா போட்ட இறப்பர் பட்டி இன்னும் சுற்றியிருந்தது. சிவப்பு ஊசியை இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நிறுத்தினால் "ஷ்..." என்று ஒரு சீரான இரைச்சல், தூரத்தில் மழை பெய்வது போல. அதை முதலில் பலமாக வைத்து என் கூவலை முழுக்க மூடினேன். அது சரியில்லை என்று ஓடியோலொஜிஸ்ட் அம்மா திருத்தினார்: மூடினால் மூளைக்குப் பழக ஒன்றும் மிஞ்சாது. கூவலும் கேட்க வேண்டும், ரேடியோவும் கேட்க வேண்டும், கூவலை விட ரேடியோ ஒரு பிடி தாழ்ந்திருக்க வேண்டும். தலைமாட்டில் வைக்காமல் நாலைந்து அடி தள்ளி, அறை மூலையில் வைத்தேன். இரவு முழுக்க ஓடட்டும். நடுவில் நின்றால்தான் விழிப்பு வரும்.

முதல் இரவே தூங்கிவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசை. நாலாவது இரவு நாலு மணித்தியாலம் தூங்கினேன். ஜூன் முடிவில் ஆறு மணித்தியாலம். தூக்கம் வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழும்பி, முன்னறையில் மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது வாசித்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் திரும்பப் போய்ப் படுத்தேன். எந்த நேரம் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழும்புவதை மாற்றவில்லை. பகல் தூக்கத்தை விட்டேன். இவை எல்லாம் காதுக்கான வைத்தியம் இல்லை, தூக்கத்துக்கான வைத்தியம்; ஆனால் தூங்கிய நாளில் அதே கூவல் பாதி ஆளாகத்தான் வரும்.

மனதுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் உளச்சிகிச்சை, சி.பி.ரி. என்பார்கள். காதிரைச்சல் தரும் வேதனையைக் குறைப்பதில் ஆய்வுகள் அதிகமாகக் கைகொடுத்திருப்பது இதற்குத்தான். சத்தத்தை அது குறைக்காது, சத்தத்தோடு வரும் பதற்றத்தைக் குறைக்கும். எனக்கு ஓர் உளவளத்துணையாளரிடம் ஆறு தடவை போகக் கிடைத்தது. அவர் செய்தது சாதாரணமான ஒன்று. "இனித் தூங்கவே முடியாது" என்று நான் சொன்னதும், "கடந்த கிழமை எத்தனை நாள் தூங்கினீர்கள்?" என்று கேட்டார். எண்ணினேன், நாலு நாள். "அப்ப 'தூங்கவே முடியாது' என்றது சரியோ?" கணக்கு எழுதும் ஆளுக்குக் கணக்கால் சொன்னால் ஏறும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொல்லி எனக்கு ஐந்து பேர் சொன்னார்கள், எல்லோரும் அன்பாகத்தான். உட்காதில் நடந்த பழுதுக்கு வெளிக்காதில் விடும் எண்ணெய் போய்ச் சேராது, நடுவில் செவிப்பறை இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் போய்ச் சேரும், அது இன்னும் ஆபத்து. காதுக் குறும்பி அடைத்ததாலும் இரைச்சல் வரும், அதை எடுத்தால் போகும்; ஆனால் அதை வைத்தியர் எடுக்கட்டும், காது துடைக்கும் குச்சி அதை இன்னும் உள்ளே தள்ளும். குளிசைகளில் அதிக அளவு அஸ்பிரின், குயினைன், ஜென்டமைசின் ஊசி, சில புற்றுநோய் மருந்துகள் காதை இரைய வைக்கலாம். சந்தேகம் என்றால் தந்த வைத்தியரைக் கேளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். தேத்தண்ணியை நான் விட்டுப் பார்த்தேன், தலையிடிதான் வந்தது, கூவலில் ஒரு மாற்றமும் இல்லை, திரும்பக் குடிக்கிறேன்.

ஆவணியில் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கச்சிக்குக் கல்யாணம், பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில். போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மினுக்கி வைத்தார். போனேன். ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம், சாப்பாட்டு வாசலுக்கு அண்டி இருந்தேன். கெட்டிமேளம் தொடங்குமுன் இயர் பிளக்கை உருட்டி மெல்லிசாக்கி, மற்றக் கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது ஊதி நிறையும் வரை அரை நிமிடம் விரலால் அமர்த்தினேன். இப்படி விடாவிட்டால் அது பேருக்குத்தான் இருக்கும். தாலி கட்டி முடிந்ததும் எடுத்துவிட்டு எல்லோரோடும் பேசினேன். இரவு வீட்டுக்கு வந்தபோது கூவல் 8. ஆம், இலக்கம் போட்டேன், பழக்கம் விடவில்லை. முந்தியென்றால் "எல்லாம் போச்சு" என்று விடியும்வரை நடந்திருப்பேன். அன்றைக்கு ரேடியோவைப் போட்டுவிட்டுப் படுத்தேன். மூன்றாம் நாள் பழைய அளவுக்கு வந்தது. இப்படி ஏறி இறங்கும். காய்ச்சலில், நித்திரை குறைந்த கிழமையில், கடையில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் ஏறும். ஏறியது எல்லாம் எனக்கு இதுவரை இறங்கியிருக்கிறது.

கூவல் இன்றைக்கும் இருக்கிறது. இதை எழுதும்போது அதைப் பற்றியே எழுதுவதால் நன்றாகக் கேட்கிறது. எழுதி முடித்து எழும்பினால் எங்கேயாவது போய்விடும்.

ஜெனரேட்டரை இடம் மாற்றச் சொல்லி முதலாளியிடம் மூன்று தடவை கேட்டேன். இடமில்லை என்றார். கேட்டல் பரிசோதனைத் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செப்டெம்பரில் அது பின்வளவுக்குப் போனது. இரும்பு வெட்டும் சில்லுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து இரண்டு காது மூடி தொங்குகிறது. போடாமல் வெட்டினால் நான் எழும்பிப் போவேன் என்று பெடியங்களுக்குத் தெரியும்.

அடுத்த வருடம் ஹட்டனிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவன், வயது 22, சில்லில் நிற்பவன். ஒரு பின்னேரம் ரசீதுப் புத்தகத்தைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அண்ணே, ராத்திரியில காதுல சில்வண்டு கத்துற மாதிரியே இருக்கு. மூணு நாளா தூக்கமில்ல. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

உட்காரச் சொன்னேன். எந்தக் காது, துடிக்கிறதா, கேட்பது குறைந்ததா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இரண்டு காதிலும், துடிக்கவில்லை, சுற்றவில்லை. திங்கட்கிழமை காலை தேசிய வைத்தியசாலைக்கு நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன். அவன் தங்கியிருந்த அறையில் ஃபேன் இல்லை. அடுத்த நாள் அப்பாவின் ரேடியோவுக்குப் பற்றரி இரண்டும் புதிதாகப் போட்டு, ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊசியை எங்கே நிறுத்துவது என்று காட்டினேன். சத்தம் உன் சில்வண்டை விடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும், காதைப் பொத்திப் பொத்திக் கேட்டுப் பார்க்காதே, பின்மூடியின் இறப்பர் பட்டியைக் கழற்றிவிடாதே என்றேன்.